கட்டை விரலைச் சும்மா வைத்திருந்தால் போதுமா?

கேள்வி: மேடம், குழந்தைக்கு மூன்று மாதம். தூளியிலிருந்து தூக்கும்போதெல்லாம் கட்டை விரலுக்குக் கீழே, மணிக்கட்டு ஓரத்தில் சுளீரென்று இழுக்கிறது. பச்சைத் தண்ணீரில் கை வைத்ததால்தான் என்கிறார் மாமியார். (கொருக்குப்பேட்டை வாசகி)

பதில்: தண்ணீர் காரணமில்லை அம்மா. கட்டை விரலை விரிக்கும் இரண்டு தசைநாண்கள் (தசையை எலும்போடு இணைக்கும் கயிறு போன்றவை) மணிக்கட்டு ஓரத்தில் ஒரே உறைக்குள் ஓடுகின்றன. உறை தடித்துவிட்டால் நாண் உரசி உரசித்தான் நகரும். 1895-ல் இதை விவரித்த சுவிஸ் மருத்துவர் டி குவெர்வெய்ன் பெயரால்தான் இன்றும் அழைக்கிறோம்.

குழந்தையின் அக்குளில் கட்டை விரலை அகல விரித்துக் கவ்வித் தூக்குகிறீர்களா? முழு எடையும் அந்த நாண்களில் விழுகிறது. ஒரு கை பிட்டத்துக்கு அடியில், இன்னொரு கை முதுகுக்கு அடியில். உள்ளங்கை மேலே பார்க்கட்டும், கட்டை விரல் மற்ற விரல்களோடு ஒட்டியே இருக்கட்டும்.

வலி கடுமையாக இருக்கும் முதல் இரண்டு மூன்று வாரம் ஸ்பிளின்ட் (அசையாமல் பிடித்துவைக்கும் கட்டு) போடலாம். கட்டை விரலையும் சேர்த்துப் பிடிப்பதாக வாங்குங்கள். மணிக்கட்டை மட்டும் சுற்றும் பட்டை போதாது. ஆனால் மாதக்கணக்கில் கட்டியே வைத்தால் நாண் பலமிழக்கும். அப்புறம் பயிற்சி: கட்டை விரலை வெளிப்பக்கம் தள்ளுங்கள், அது அசையாதபடி மற்றக் கை விரலால் தடுங்கள். 20 விநாடி, ஐந்து தடவை, காலையும் மாலையும். பத்துக்கு மூன்று அளவு வலி வந்தால் பரவாயில்லை. மறுநாள் காலை வலி கூடியிருந்தால் அழுத்தத்தைக் குறையுங்கள்.

கேள்வி: காசிமேட்டில் இறால் உரிக்கிறேன். எனக்கும் அதே இடத்தில்தான் வலி. தைலம் போட்டு நன்றாக நீவிவிட்டால் அன்றைக்குத் தேவலை, மறுநாள் வீங்குகிறது.

பதில்: வீங்கிய உறையை அழுத்தி நீவினால் இன்னும் புண்படும், நிறுத்திவிடுங்கள். தலையைத் திருகி, ஓட்டுக்குள் கட்டை விரலை நுழைத்துத் தள்ளும்போது உங்கள் மணிக்கட்டு சுண்டு விரல் பக்கம் சாய்கிறதா என்று பாருங்கள். அந்தச் சாய்வுதான் நாணை இழுக்கிறது. கூடையை முழங்கால் உயரத்துக்கு ஏற்றி வைத்தாலே மணிக்கட்டு நேராகும். அரை மணிக்கு ஒரு தடவை கையை மாற்றுங்கள். லீவு போடுங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை, கூலி போகும்.

வலி தணிந்ததும் அடுத்த படி. முன்கையை மேசையில் வைத்து, கட்டை விரல் மேலே பார்க்க, கை மட்டும் விளிம்புக்கு வெளியே. கால் லிட்டர் தண்ணீர் பாட்டிலைப் பிடித்து, மற்றக் கையால் அந்தக் கையை மேலே தூக்கிவிட்டு, நாலு எண்ணும்வரை மெதுவாக இறக்குங்கள். பத்துத் தடவை.

கேள்வி: ஸ்கேன் அவசியமா? (பெரம்பூர்)

பதில்: பெரும்பாலும் இல்லை, கையைத் தொட்டுப் பார்த்தே சொல்லிவிடலாம். விழுந்த பிறகு வந்த வலி என்றால் மட்டும் எக்ஸ்ரே கட்டாயம். விரல்கள் மரத்துப்போனால் அது வேறு பிரச்சினை.

கேள்வி: ஆறு வாரமாகப் பயிற்சி செய்தும் குறையவில்லையே?

பதில்: சரி, இனி மருத்துவரைப் பாருங்கள். உறைக்குள் ஸ்டீராய்டு ஊசி பலருக்கு நன்றாகக் கேட்கிறது. அதிலும் அடங்காத சிலருக்கு உறையைத் திறந்துவிடும் சிறிய அறுவை சிகிச்சை உண்டு. பக்கத்திலேயே ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் கை அறுவை சிகிச்சைக்கென்றே தனித் துறை இருக்கிறது.