கார்ட்ரிட்ஜை மாற்றுங்கள், ஆனால் சீறலுக்காக அல்ல

கேள்வி: நல்ல பெல்ட் டிரைவ் டர்ன்டேபிள் வைத்திருக்கிறேன். 12 அங்குல டோன்ஆர்ம் (கார்ட்ரிட்ஜைத் தாங்கும் கை), அதன் எஃபெக்டிவ் மாஸ் (ஊசி இருக்கும் இடத்தில் உணரப்படும் எடை) 18 கிராம். அதில் மாட்டியிருப்பது 7 கிராம் எடையுள்ள மூவிங் மேக்னட் (உள்ளே காந்தம் அசையும் வகை) கார்ட்ரிட்ஜ், அதாவது ஊசி இருக்கும் தலைப்பகுதி; கம்ப்ளையன்ஸ் 25. இசைத்தட்டு ஓடும்போது வூஃபர் (தாழ்ந்த ஒலிக்கான ஸ்பீக்கர்) கோன் சத்தமே இல்லாமல் முன்னும் பின்னும் ஆடுகிறது. ஒவ்வொரு பக்கத்தின் கடைசிப் பாட்டிலும் 'ஸ' ஒலி சீறுகிறது. மூவிங் காயில் (காந்தத்துக்குப் பதில் கம்பிச்சுருள் அசையும் வகை) கார்ட்ரிட்ஜ் வாங்கினால் இரண்டும் சரியாகிவிடுமா? ஃபோனோ ப்ரீஆம்பையும் (கார்ட்ரிட்ஜ் தரும் சிறு சிக்னலைப் பெருக்கும் கருவி) மாற்ற வேண்டுமா?

பதில்: வூஃபர் ஆட்டம் நிற்கும். சீறல் நிற்பது சந்தேகம். இரண்டும் வேறு வேறு கோளாறுகள்.

ஊசியைத் தாங்கும் கான்டிலிவருக்கு ஸ்பிரிங் போல ஒரு நெகிழ்வு உண்டு, அதுதான் கம்ப்ளையன்ஸ். அந்த ஸ்பிரிங் மீது உட்கார்ந்திருக்கும் எடை டோன்ஆர்ம். இரண்டும் சேர்ந்தால் தானாகவே ஒரு அதிர்வெண்ணில் ஆடும். அதைக் கணக்கிட, மொத்த எடையை கிராமில் எடுத்து கம்ப்ளையன்ஸால் பெருக்கி, வர்க்கமூலம் கண்டு, 159ஐ அதனால் வகுக்க வேண்டும். உங்களுக்கு ஆர்ம் 18, கார்ட்ரிட்ஜ் 7, திருகுகள் 1, ஆக 26 கிராம். விடை சுமார் 6.2 ஹெர்ட்ஸ். தட்டின் வளைவுகளும் தரையில் நடக்கும் அதிர்வும் வருவது கிட்டத்தட்ட அதே இடத்தில்தான். வேண்டியது 8 முதல் 12 ஹெர்ட்ஸ் வரை: வளைவுகளுக்கு மேலே, இசைக்குக் கீழே.

கனமான ஆர்முக்கு விறைப்பான, அதாவது கம்ப்ளையன்ஸ் குறைந்த கார்ட்ரிட்ஜ்தான் ஜோடி. மூவிங் காயில் வகையில் கம்ப்ளையன்ஸ் 10 அளவில் நிறையக் கிடைக்கும். 9 கிராம் எடையுள்ள ஒன்றைப் போட்டால் கணக்கு 9.5 ஹெர்ட்ஸுக்கு வந்துவிடும். ஒரு எச்சரிக்கை: ஜப்பானியத் தயாரிப்புகள் பலவற்றில் கம்ப்ளையன்ஸை 100 ஹெர்ட்ஸில் அளந்து போட்டிருப்பார்கள். இந்தக் கணக்குக்கு வேண்டியது 10 ஹெர்ட்ஸ் மதிப்பு. அது போட்டிருக்கும் எண்ணைப்போல் தோராயமாக ஒன்றரை முதல் இரண்டு மடங்கு என்று வைத்துக்கொள்ளலாம். டெனான் டிஎல்-103 என்ற மூவிங் காயில் கார்ட்ரிட்ஜின் 5 என்பது அப்படிப்பட்ட எண். அது உங்கள் ஆர்மில் 10 ஹெர்ட்ஸ் பக்கம் வந்து அருமையாகப் பொருந்தும். ஆனாலும் அதை உங்களுக்குச் சொல்ல மாட்டேன், அதன் ஊசி முனை உருண்டை. கடைசிப் பாட்டுக்கு அது உதவாது.

சரி, ஏன் கடைசிப் பாட்டு? 33⅓ வேகத்தில் தட்டின் வெளி ஓரத்தில் ஊசி நொடிக்கு 50 சென்டிமீட்டர் பள்ளத்தைக் கடக்கிறது. உள் ஓரத்தில் சுமார் 21. அதே 'ஸ' அங்கே பாதிக்கும் குறைவான நீளத்துக்குள் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கிறது. ஊசி சற்றே கோணலாக இருந்தாலும் அங்கேதான் முதலில் தெரியும். நீள ஆர்ம் இதில் தாராளமானது என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. சரியாக அமைத்தால் உண்மைதான்; அமைப்பில் பிசகினால் குட்டி ஆர்மைவிட அதிகமாகப் பழிவாங்கும்.

கண்ணாடி புரொட்ராக்டர் (ஊசியின் கோணத்தைச் சரிபார்க்கக் கோடுகள் போட்ட தகடு) ஒன்றும் சிறு டார்ச்சும் எடுத்துக்கொள்ளுங்கள். மோட்டாரை நிறுத்தி, மையத்திலிருந்து 66 மி.மீ., 121 மி.மீ. என்ற இரு புள்ளிகளிலும் ஊசியை மெதுவாக இறக்கிப் பாருங்கள். கோடுகளோடு ஒப்பிட வேண்டியது கார்ட்ரிட்ஜின் உடலை அல்ல, கான்டிலிவரை. முன்னாலிருந்து பார்க்கையில் கான்டிலிவரும் கண்ணாடியில் அதன் பிம்பமும் ஒரே நேர்க்கோடாக நிற்க வேண்டும். ஒரு புள்ளியில் சரி, இன்னொன்றில் கோணல் என்றால் திருகைத் தளர்த்தி முன்னோ பின்னோ தள்ளி, மறுபடி இரண்டையும் பாருங்கள். பொறுமையைச் சோதிக்கும் வேலைதான், அவசரப்படாதீர்கள்.

அப்புறம் ஊசி எடை, அதாவது ஊசி தட்டை அழுத்தும் அளவு. தயாரிப்பாளர் சொன்ன வரம்பின் மேல் பக்கமே வையுங்கள். குறைவாக வைத்தால் தட்டு பிழைக்கும் என்பது தப்பு. பள்ளத்தில் ஒட்டாமல் துள்ளும் ஊசிதான் சுவரைக் கெடுக்கும். சீறல் வலது ஸ்பீக்கரில் மட்டும் கேட்டால் ஆன்டி-ஸ்கேட்டிங்கை (ஆர்ம் மையத்தை நோக்கி இழுபடுவதை ஈடுகட்டும் அமைப்பு) கொஞ்சம் ஏற்றுங்கள். ஆர்ம் உயரத்துக்காக மட்டும் ரொம்ப மெனக்கெட வேண்டாம். 12 அங்குல ஆர்மில் ஊசியின் சாய்வு ஒரு டிகிரி மாறவே பின்பக்கத்தை 5 மி.மீ. ஏற்ற வேண்டும்.

இதெல்லாம் ஆன பிறகு, புதிதாக வாங்கிய ஒரு தட்டிலும் சீறினால்தான் ஊசியின் வடிவம் காரணம். மூவிங் காயில் வாங்கும்போது ஃபைன் லைன் அல்லது ஷிபாட்டா எனப்படும் மெல்லிய விளிம்புள்ள முனையாகப் பாருங்கள். பழைய தட்டு மட்டும் சீறினால் அது தேய்ந்துவிட்டது. எந்த ஊசியாலும் மீட்க முடியாது.

ப்ரீஆம்ப் விஷயம் சுருக்கமானது. உங்கள் மூவிங் மேக்னட் தருவது 4, 5 மில்லிவோல்ட். அதற்கு 40 டெசிபல் பெருக்கம் போதும். மூவிங் காயில் தருவது 0.3 முதல் 0.5 வரைதான், 60 டெசிபல் வேண்டும். உங்கள் ப்ரீஆம்பில் மூவிங் காயில் உள்ளீடு இருந்தால் இப்போதைக்கு மாற்றவே வேண்டாம். லோடு (கார்ட்ரிட்ஜுக்குத் தெரியும் உள்ளீட்டு மின்தடை) மட்டும் காயில் மின்தடையின் பத்து மடங்கு அளவில் இருக்கட்டும். அந்த உள்ளீடு இல்லை என்றால் 1:10 ஸ்டெப்-அப் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று 20 டெசிபலை ஈடுகட்டும். வழக்கமான 47 கிலோ ஓம் உள்ளீடு அப்போது கார்ட்ரிட்ஜுக்கு 470 ஓமாகத் தெரியும்.

புது கார்ட்ரிட்ஜ் வரும்வரை சப்சோனிக் ஃபில்டர் (காதுக்குக் கேட்காத தாழ்ந்த அதிர்வுகளை வடிகட்டுவது) இருந்தால் போட்டு வையுங்கள். வூஃபர் அடங்கும், ஊசி தொடர்ந்து ஆடிக்கொண்டுதான் இருக்கும். புதியதை மாட்டியதும் புரொட்ராக்டர் வேலையை முதலிலிருந்து செய்ய வேண்டும், ஏனென்றால் திருகுத் துளைக்கும் ஊசிக்கும் உள்ள தூரம் ஒவ்வொரு கார்ட்ரிட்ஜிலும் மாறும்.