மாமியின் மரப்பலகையை எறிந்துவிடவா, டொக்டர்?

கேள்வி: எனது 4 வயது மகனுக்கு இரண்டு மாதத்துக்குள் மூன்று தடவை வயிற்றோட்டம் வந்துவிட்டது. மீன், மரக்கறி எல்லாம் மாமி காலத்து மரப்பலகையில்தான் வெட்டுகிறோம். அதன் நடுப்பகுதி கறுத்துப்போயிருக்கிறது. மரத்துக்குள் கிருமி இருக்கும், எறிந்துவிட்டு பிளாஸ்டிக் பலகை வாங்கு என்கிறார் கணவர். மாமிக்கு மனமில்லை. என்ன செய்வது?
– ஒரு தாய், களுவாஞ்சிகுடி

பதில்: எறிய வேண்டாம். மரம் என்பதற்காக அது பிளாஸ்டிக்கைவிட அசுத்தமானதாகிவிடாது. அமெரிக்க நுண்ணுயிரியலாளர் டீன் கிளிவரின் குழு 1990களில் இதை ஆராய்ந்தது. மரத்தில் பட்ட பக்டீரியாக்கள் உள்ளே உறிஞ்சப்பட்டு, பெருகாமல், மெல்ல மெல்லச் செத்துப்போவதை அவர்கள் கண்டார்கள். கத்திக் கீறல் விழுந்த பழைய பிளாஸ்டிக் பலகையைத்தான் கையால் கழுவிச் சுத்தமாக்குவது கடினமாக இருந்தது.

நான் கவலைப்படுவது வேறு விடயத்துக்கு. காலையில் மீன் வெட்டிய பலகையை ஒரு தண்ணீர் ஊற்றி அலசிவிட்டு, அதிலேயே சம்பலுக்கு வெங்காயமும் பச்சைமிளகாயும் அரிகிறீர்களா? மீன் கொதிக்கும், அதிலுள்ள கிருமி சாகும். சம்பல் அடுப்பைக் காணாது. வெள்ளரிக்காய், தக்காளிச் சலாதும் அப்படித்தான். கோழி இறைச்சி வெட்டும் நாளில் ஆபத்து இன்னும் கூட. ஆகவே மீன், இறைச்சிக்கு ஒரு பலகை, பச்சையாகச் சாப்பிடுபவற்றுக்கு வேறொரு பலகை என்று இன்றே பிரித்துவிடுங்கள். இன்னொன்று வாங்கும்வரை சம்பல் சாமான்களை முதலில் அரிந்து எடுத்து வைத்துவிட்டு, மீனைக் கடைசியாக வெட்டுங்கள். கத்தியையும் கையையும் சவர்க்காரம் போட்டுக் கழுவ மறக்க வேண்டாம்.

பலகையில் இரத்தமும் செதிலும் இருக்கும்போது சுடுதண்ணீர் ஊற்றினால் அவை அவிந்து ஒட்டிக்கொள்ளும். முதலில் பச்சைத் தண்ணீர், பிறகு சவர்க்காரமும் சுடுதண்ணீரும், தும்பால் நன்றாகத் தேய்த்து. உப்பும் தேசிக்காயும் மீன் வெடுக்கைப் போக்கும். கிருமியைக் கொல்ல அவற்றை நம்ப வேண்டாம். மீன் வெட்டும் பலகைக்கு இடைக்கிடை ஒரு லீற்றர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி வாசனையில்லாத ப்ளீச் கலந்து ஊற்றி, சில நிமிடம் விட்டு அலசலாம். ப்ளீச்சோடு தேசிக்காயோ வினாகிரியோ ஒருபோதும் சேர்க்காதீர்கள். அதில் எழும் குளோரின் வாயு நெஞ்சைப் பாதிக்கும்.

கழுவியதும் துடைத்து, காற்றுப்படும் இடத்தில் நிமிர்த்தி வையுங்கள். ஈரச் சீமெந்துத் தரையில் படுக்கப்போட்டால் அடிப்பக்கம் காயவே காயாது. கொளுத்தும் வெயிலும் வேண்டாம், வெடிக்கும். வெடிப்புக்குள் அழுக்குச் சேரும். மாரியில், எங்கள் பக்கம் எதுவும் காயாத நாட்களில், அடுப்படிச் சூட்டில் சாய்த்து வையுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகு மெல்லியதாகத் தேங்காய் எண்ணெய் பூசி, மிச்சத்தைத் துடைத்தால் தண்ணீர் ஊறுவது குறையும்.

அந்தக் கறுப்பைக் கிட்ட வைத்துப் பாருங்கள். வாழைப்பூ, வாழைக்காயின் கயர் இரும்புக் கத்தியோடு சேர்ந்தாலும் மரம் கறுக்கும்; அது வெறும் கறை. வழுவழுப்பாக, புழுங்கிய மணத்தோடு, புள்ளி புள்ளியாக இருந்தால் பூஞ்சணம். ஓடாவியிடம் கொடுத்து மேற்பரப்பைச் சீவி எடுக்கலாம். சீவியும் போகாவிட்டால், அல்லது ஆழமாக வெடித்திருந்தால், மாமியிடம் சொல்லி மாற்றத்தான் வேண்டும்.

ஆனால் பலகையை மட்டும் குற்றவாளியாக்கிவிட்டு இருந்துவிடாதீர்கள். கிணற்றுத் தண்ணீர், கழுவாத கை, புழு என்று வேறு காரணங்களும் இருக்கலாம். குடிதண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றிக் கொடுங்கள். மறுபடி வயிற்றால் போனால், ஒரு லீற்றருக்கான ஜீவனிப் பக்கற்றை (வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் கொடுக்கும் உப்புத் தூள்) ஒரு லீற்றர் கொதித்தாறிய தண்ணீரில் கரைத்து அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகப் பருக்குங்கள். கரைத்ததை 24 மணித்தியாலத்துக்கு மேல் வைக்க வேண்டாம். மலத்தில் இரத்தம், விடாத சத்தி, கடும் காய்ச்சல், குழிவிழுந்த கண், சிறுநீர் குறைதல், சோர்ந்து தூங்குதல் – இவற்றில் ஒன்றைக் கண்டாலும் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

மூன்று தடவை வந்துவிட்டதால், இப்போது சுகமாக இருந்தாலும் இந்தக் கிழமையே ஒரு வைத்தியரிடம் காட்டி, மலப் பரிசோதனை தேவையா என்று கேளுங்கள். நிறை குறைந்திருக்கிறதா என்று பார்க்க கிளினிக் கொப்பியையும் கையோடு கொண்டுபோங்கள்.