தேர்தல் செய்தியில் 'இடது', 'வலது' என்று வந்தால் எப்படி எடுத்துக்கொள்வது?

கேள்வி இதுதான்: இடதுசாரி, வலதுசாரி என்ற சொற்களுக்கு இடத்துக்கு இடம் வேறு பொருள் இருக்கிறது; அப்படியிருக்க, 'வலதுசாரிகள் வெற்றி' என்ற தலைப்பிலிருந்து என்ன தெரிந்துகொள்ள முடியும்?

எந்த நாடு, எந்த ஆண்டு, எந்தப் பிரச்சினை என்ற மூன்றும் தெரியாவிட்டால் ஒன்றும் தெரிந்துகொள்ள முடியாது.

இந்தச் சொற்கள் உட்கார்ந்த இடத்திலிருந்து பிறந்தவை. 1789இல் பிரெஞ்சு தேசிய சபையில், சட்டங்களைத் தடுக்கும் அதிகாரம் மன்னருக்கு வேண்டும் என்றவர்கள் அவைத்தலைவரின் வலப்பக்கமும், கூடாது என்றவர்கள் இடப்பக்கமும் அமர்ந்தார்கள். அன்றைய சண்டை மன்னரின் அதிகாரம் பற்றியது. தொழிலாளர் நலனோ அரசுடைமையோ அன்றைக்குப் பேச்சிலேயே இல்லை. சோசலிசக் கட்சிகள் பின்னால் வளர்ந்து இடப்பக்கத்தைப் பிடித்துக்கொள்ள, முன்பு இடதாக இருந்த தாராளவாதிகள் தங்கள் கொள்கையை மாற்றாமலேயே நடுவுக்கும் வலதுக்கும் தள்ளப்பட்டார்கள்.

இதற்கு உயிருள்ள சாட்சி டென்மார்க்கின் 'வென்ஸ்ட்ர' கட்சி. 1870இல் தொடங்கிய அந்தக் கட்சியின் பெயருக்கே 'இடது' என்றுதான் பொருள். இன்று அது மைய வலதுசாரிக் கட்சி. போர்ச்சுகலின் சமூக ஜனநாயகக் கட்சியும் மைய வலதுதான். ஆஸ்திரேலியாவில் லிபரல் என்றால் பழமைவாதிகளின் கட்சி. ஆகவே கட்சிப் பெயரை வைத்து எடைபோடாதீர்கள்.

பெரிய சிக்கல், ஒரே கோட்டில் இரண்டு விஷயங்களை அளப்பது. போலந்தின் சட்டம் மற்றும் நீதிக் கட்சியை எல்லாச் செய்திகளும் வலதுசாரி என்றே எழுதுகின்றன. குடும்பம், மதம், குடியேற்றம் ஆகியவற்றில் அது சரி. ஆனால் 2016இல் குழந்தைக்கு மாதம் 500 ஸ்வோட்டி (போலந்து நாணயம்) உதவித்தொகை தந்ததும், 2017இல் ஓய்வு வயதைக் குறைத்ததும் அதே கட்சியின் அரசுதான். எதிர்ப்பக்கத்தில், டென்மார்க்கின் சமூக ஜனநாயகவாதிகள் நலத்திட்டங்களில் இடது, குடியேற்றத்தில் கறார். ஒற்றைச் சொல் இந்த இரண்டு கட்சிகளையுமே தவறாகக் காட்டும்.

நான் சொல்லும் வழி எளிது. ஒரு தாளில் கூட்டல் குறிபோல இரண்டு கோடு போடுங்கள். படுக்கைக் கோட்டில் வரி, நலச்செலவு, அரசுடைமை. நிற்கும் கோட்டில் குடியேற்றம், மதம், தனிமனித உரிமை. கட்சியின் தேர்தல் அறிக்கையிலிருந்து கோட்டுக்கு மூன்று வாக்குறுதிகளை எடுத்துப் புள்ளி வையுங்கள். அறிக்கையைத்தான் எடுக்க வேண்டும், எதிர்க்கட்சி அதைப் பற்றிச் சொல்வதை அல்ல. பலர் சறுக்குவது இங்கேதான். நீதிமன்றம், தேர்தல் ஆணையம், பத்திரிகை இவற்றின் சுதந்திரம் பற்றிய நிலைப்பாட்டைத் தனியாக ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். அது எந்தக் கோட்டிலும் அடங்காது, ஆனால் என் மதிப்பீட்டில் அதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம்.

அடுத்து, ஊடகத்தின் 'நாடு இடப்பக்கம் திரும்பியது' வகைத் தலைப்பு. 2024 பிரிட்டன் தேர்தலைப் பாருங்கள். இடப்பக்கத்து லேபர் கட்சிக்கு 650இல் 411 இடங்கள். வாக்கோ 33.7 சதவீதம்தான்; படுதோல்வி கண்ட 2019இல் 32.1. மொத்த வாக்குகளின் எண்ணிக்கையில் பார்த்தால் 2019ஐவிடக் குறைவு. நடந்தது என்ன? வலப்பக்க வாக்கு கன்சர்வேட்டிவ் 23.7, ரிஃபார்ம் 14.3 என்று உடைந்தது. மக்கள் மனம் மாறிய அளவும் இடங்கள் மாறிய அளவும் ஒன்றல்ல. இதைச் சொல்லாமல் வரைபடத்தை மட்டும் காட்டும் செய்தி அரைச்செய்தி. எப்போதும் முந்தைய தேர்தலின் வாக்கு சதவீதத்தைப் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்.

கருத்துக்கணிப்பிலும் இதே கவனம் வேண்டும். 1,000 பேரிடம் எடுத்த கணிப்பில் பிழை வரம்பு, அதாவது எண் மேலேயோ கீழேயோ தவறக்கூடிய அளவு, ஏறத்தாழ 3 சதவீதப் புள்ளி என்று போடுவார்கள். அது ஒரு கட்சியின் எண்ணுக்கு. இரண்டு பெரிய கட்சிகளுக்கு இடையிலான முன்னிலைக்கு அது கிட்டத்தட்ட இருமடங்காகும். 42-38 என்று வந்தால் முன்னிலை உறுதி என்று எழுதவே கூடாது. கணிப்புக்குத் தேர்ந்தெடுத்த ஆட்களே ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் இந்த வரம்பும் காப்பாற்றாது. 2015இல் பிரிட்டனின் கணிப்புகள் தவறியது அப்படித்தான்.

முடிவு வரும் இரவில் அவசரம் எவ்வளவு கெடுக்கும் என்பதற்கு 2000ஆம் ஆண்டு அமெரிக்கா. ஃபுளோரிடா மாநிலத்தில் ஜனநாயகக் கட்சியின் அல் கோர் வென்றதாக சானல்கள் முதலில் அறிவித்தன, திரும்பப் பெற்றன, நள்ளிரவுக்குப் பின் குடியரசுக் கட்சியின் ஜார்ஜ் புஷ் வென்றதாக அறிவித்தன, அதையும் திரும்பப் பெற்றன. கடைசியில் வித்தியாசம் 537 வாக்குகள்.

அமெரிக்க வரைபடங்களில் வலப்பக்கத்துக் குடியரசுக் கட்சிக்குச் சிவப்பு என்று நிலைத்ததும் அந்தத் தேர்தலோடுதான். 1980இல் என்பிசி சானல் அதே கட்சியின் ரேகன் வென்ற மாநிலங்களை நீலத்தில் காட்டியது. பெரும்பாலான நாடுகளில் சிவப்பு இடதுசாரிகளின் நிறம். வெளிநாட்டுத் தேர்தல் வரைபடம் கண்ணில் பட்டால், முதலில் ஓரத்தில் இருக்கும் நிற விளக்கத்தைப் படித்துவிட்டு வரைபடத்துக்குப் போங்கள்.