பேஸ்மேக்கரும் மின்சாரக் காரும்

அன்புள்ள ஐயா,

மகன் போன மாதம் மின்சாரக் கார் வாங்கியிருக்கிறான். எனக்கு 67 வயது. இரண்டு வருடமாக நெஞ்சில் பேஸ்மேக்கர் இருக்கிறது. காலுக்கு அடியிலேயே அவ்வளவு பெரிய பேட்டரி, அதன் கதிர்வீச்சு பேஸ்மேக்கரை நிறுத்திவிடும் என்கிறார்கள் உறவினர்கள். இருக்கைக்குக் கீழே போட ‘கதிர்வீச்சுத் தடுப்பு விரிப்பு’ விற்கிறார்களாம். வாங்கலாமா? பேரனைப் பள்ளிக்குக் கூட்டிப்போகக்கூட அந்தக் காரில் ஏறத் தயங்குகிறேன்.

ஒரு வாசகர், ஈரோடு

அன்புள்ள நண்பருக்கு,

தயங்காமல் ஏறுங்கள். நெஞ்சில் கருவி வைத்திருக்கும் ஒருவர் இப்படிக் கேட்பது வீண் பயம் இல்லை. ஜெர்மனியில், மியூனிக் இதய மருத்துவர்கள் இதே கேள்வியோடு பேஸ்மேக்கரோ, இதயத் துடிப்பு தாறுமாறானால் மின் அதிர்ச்சி கொடுத்துச் சரிசெய்யும் டிஃபிபிரிலேட்டரோ பொருத்திய 108 பேரை நான்கு மின்சாரக் கார்களில் உட்கார வைத்தார்கள். சார்ஜ் போடவும் வைத்து, கருவிகளைக் கண்காணித்தார்கள். 2018இல் முடிவு வெளியானது. ஒருவருடைய கருவியிலும் எந்தக் குறுக்கீடும் இல்லை.

அந்தச் சோதனையில் காந்தப்புலம் அதிகம் இருந்த இடம் இருக்கை அல்ல, சார்ஜ் கேபிள்.

நீங்கள் பயப்படும் ‘கதிர்வீச்சு’ எக்ஸ்ரே மாதிரியானது இல்லை. கம்பியில் மின்சாரம் ஓடினால் அதைச் சுற்றி உண்டாகிற காந்தப்புலம்தான் அது. ஆக்சிலரேட்டரை அழுத்தும்போதும் பிரேக் பிடிக்கும்போதும் மின்னோட்டம் சட்டென்று ஏறும், புலமும் கூடவே ஏறும். ஜெர்மனியின் கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலகம் 2025இல் வெளியிட்ட அளவீடுகளும் இதையே காட்டின. உச்சம் பெரும்பாலும் கால் வைக்கும் பக்கம்தான், தலைக்கும் மார்புக்கும் வருவதற்குள் வெகுவாகக் குறைந்துவிடுகிறது. சில வண்டிகளில் அந்த உச்சம் காந்தப்புலத்துக்கான பரிந்துரை அளவைக் கணநேரம் தாண்டியது, ஆனால் அதனால் உடலுக்குள் உண்டாகும் மின்புலம் பாதுகாப்பு வரம்பைத் தாண்டவில்லை. பெட்ரோல் காரிலும் புலம் உண்டு. டயருக்குள் இருக்கும் இரும்புக் கம்பிகள் காந்தமேறி, சக்கரம் சுற்றும்போது அதுவும் ஒரு சிறு புலத்தை உண்டாக்குகிறது.

விரிப்பு விஷயத்துக்கு வருகிறேன். வாங்காதீர்கள். இந்த வியாபாரத்தைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது, நோயாளியின் பயத்தை விலை பேசுகிறார்கள். விரிப்புக்குள் அலுமினியத் தாளே இருந்தாலும் அது ரேடியோ அலையைத்தான் தடுக்கும். மெதுவாக மாறும் காந்தப்புலமோ அதற்குள் ஏறக்குறைய அப்படியே புகுந்து வெளியே வரும். அதை மடக்க நிக்கலும் இரும்பும் கலந்த தனி உலோகக் கலவை வேண்டும், அதுவும் மூலத்தைச் சுற்றி மூடினால்தான் சரியாக வேலை செய்யும். ஒரு பாய் எப்படிப் போதும்?

உண்மையான தடுப்பு வண்டி வடிவமைப்பிலேயே இருக்கிறது. மின்சாரம் போகும் கம்பியையும் திரும்பும் கம்பியையும் ஒட்டி ஒட்டி இழுத்தால், இரண்டின் புலமும் எதிரெதிராக இருப்பதால் பெரும்பகுதி அழிந்துபோகும். பானெட்டைத் திறந்தால் ஆரஞ்சு நிறத்தில் தடித்த கேபிள்கள் தெரியும், உயர் மின்னழுத்தம் போவது அவற்றில்தான். அவற்றின் மேல் உலோகப் பின்னலும் இருக்கும். தொடாமல் பாருங்கள். இருக்கைக்கு அடியில் சென்சார் ஒயர்கள் ஓடுகின்றன, அங்கே எதையும் திணிக்காமல் இருப்பதே நல்லது.

அப்புறம், அடுத்த பரிசோதனைக்குப் போகும்போது உங்கள் இதய மருத்துவரிடம் பேஸ்மேக்கர் அட்டையைக் காட்டி இந்தக் காரைப் பற்றிச் சொல்லுங்கள். உங்கள் கருவியை அறிந்தவர் அவர்தான். சார்ஜ் ஏறும்போது கேபிள் மேல் சாய்ந்து நிற்காதீர்கள், அதை மார்போடு அணைத்துத் தூக்கவும் வேண்டாம். அந்த வேலையை மகன் பார்த்துக்கொள்ளட்டும். பேரனைக் கூட்டிப்போவது உங்கள் வேலை.