பட்டியலில் ஒரு புரதம்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

மலேரியா ஒட்டுண்ணியின் மரபணு வரிசை 2002-லேயே வெளிவந்துவிட்டது என்று எழுதியிருந்தீர்கள். கொரோனாவுக்கு ஒரே ஆண்டில் தடுப்பூசி வந்ததே! அந்த மரபணுப் பட்டியலில் இருந்து ஒரு புரதத்தை எடுத்து ஊசி போட இவ்வளவு காலமா?

க.

அன்புள்ள க.,

பட்டியல் இருக்கிறது, சரி. ஆனால் கொரோனா வைரஸில் இருப்பது முப்பது புரதம் போல. அதில் வைரஸின் மேல் முள்போல் நீட்டிக்கொண்டிருக்கும் ஸ்பைக் புரதத்தைத்தான் குறிவைக்க வேண்டும் என்பது, அதன் உறவுக்கார வைரஸான சார்ஸ் பற்றிய முந்தைய ஆய்வுகளிலேயே தெரிந்துவிட்டது. மலேரியா ஒட்டுண்ணியான பிளாஸ்மோடியம் ஃபால்சிபாரத்திலோ ஐயாயிரத்துக்கு மேல் மரபணுக்கள், பெரும்பாலும் ஒவ்வொன்றும் ஒரு புரதத்துக்கான குறிப்பு.

நோய் வந்தவர்களின் இரத்தத்தில் எந்தப் புரதத்துக்கு எதிராக ஆன்டிபாடி (கிருமியைப் பிடிக்க உடல் உண்டாக்கும் எதிர்ப்புப் பொருள்) நிறைய இருக்கிறதோ அதை எடுக்கலாமே என்று தோன்றும். அப்படிக் கண்ணில் படுபவற்றில் பலவும் ஒட்டுண்ணிக்கு ஒட்டுண்ணி மாறுவேடத்தில் இருக்கும். ஏஎம்ஏ1 என்ற புரதத்தை வைத்துச் செய்த ஊசியை மாலி நாட்டுக் குழந்தைகளுக்குப் போட்டுப் பார்த்தார்கள். ஊசியில் இருந்த வகையோடு ஒத்துப்போன ஒட்டுண்ணியை அது நன்றாகவே தடுத்தது. ஆனால் அங்கே உலவும் வகைகள் ஏராளம். மொத்தக் கணக்கில் பலன் தேறவில்லை.

எனக்குப் பிடித்த புரதம் ஆர்எச்5. ஒட்டுண்ணி சிவப்பணுவுக்குள் நுழைய ஒரு நிமிடம் போதும். அதற்குள் இந்தப் புரதம் சிவப்பணுவின் மேலிருக்கும் பேசிஜின் என்ற புரதத்தைப் பிடித்தாக வேண்டும். இந்த ஜோடியை 2011-இல் இங்கிலாந்தின் சாங்கர் நிறுவன ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். இப்படிப்பட்ட புரதங்கள் தொட்ட வேகத்தில் விலகிவிடும், சாதாரணச் சோதனையில் சிக்காது. அதனால் புரதத்தை ஐந்தைந்தாகச் சேர்த்துக் கட்டி, சிவப்பணுப் புரதங்கள் ஒவ்வொன்றோடும் ஒட்டிப் பார்த்தார்கள். மற்ற பிடிகளுக்கு ஒட்டுண்ணியிடம் மாற்று வழி உண்டு, இதற்கு இல்லை. வேடிக்கை என்னவென்றால், மலேரியா அடிக்கடி வந்தவர்களிடம்கூட இதற்கெதிரான ஆன்டிபாடி சொற்பம்தான். தாக்குதல் குறைவு என்பதால் இது மாறவேண்டிய கட்டாயமும் குறைவு. ஆன்டிபாடி அளவை மட்டும் நம்பித் தேடியிருந்தால் இதைத் தாண்டிப் போயிருப்பார்கள்.

உலக சுகாதார நிறுவனம் 2021-இலும் 2023-இலும் பரிந்துரைத்த இரண்டு ஊசிகளும் வேறொரு புரதத்தைக் குறிவைக்கின்றன. கொசு கடித்ததும் உடலில் இறங்கும் ஒட்டுண்ணியைப் போர்த்தியிருக்கும் புரதம் அது. நல்ல இலக்குதான், ஆனால் அவகாசம் குறைவு. ஒன்று தப்பிக் கல்லீரலுக்குள் போய்விட்டால் ஒரு வாரத்தில் பல்லாயிரமாக வெளியே வந்து சிவப்பணுக்களுக்குள் நுழையும். அப்புறம் அந்த ஊசிக்கு வேலை இல்லை. அந்தக் கட்டத்தில் தடுத்து நிற்க ஆர்எச்5-ஐக் குறிவைக்கும் ஊசி போன்ற ஒன்று வேண்டும். அதற்கும் ஆன்டிபாடி மிக அதிகமாக இருந்தாக வேண்டும், நுழைய அந்த ஒரு நிமிடம்தானே. இரண்டையும் சேர்த்துப் போட்டால் என்ன ஆகும் என்று இப்போது சோதித்து வருகிறார்கள்.