தண்ணீருக்கு மேலே நிலம்: பழைய வரைபடம் வழக்கை ஜெயிக்குமா?

கேள்வி: மலையில் அணையை ஒட்டி எங்கள் தாத்தா காலத்திலிருந்து பயிர் செய்கிறோம். இது நீர்த்தேக்க நிலம் என்று சொல்லி, நில ஆக்கிரமிப்புச் சட்டம் 7-ஆம் பிரிவில் இப்போது நோட்டீஸ் வந்திருக்கிறது. பக்கத்துக் காட்டுக்காரருக்கு நோட்டீஸ் இல்லை. சர்வே ஆஃப் இந்தியாவின் பழைய ஓரங்குல வரைபடம் (ஒரு மைலை ஓர் அங்குலமாகக் காட்டுவது) வீட்டில் இருக்கிறது. அதில் எங்கள் நிலம் தண்ணீருக்கு மேலேதான் தெரிகிறது. வழக்குப் போடலாமா?

பதில்: பக்கத்துக் காட்டுக்காரரை விடுங்கள். தாத்தா பட்ட பாடும் இங்கே உதவாது. அணைக்கு நிலம் எடுத்தபோது போட்ட அவார்டில், அதாவது எடுத்த நிலத்தையும் இழப்பீட்டையும் சொல்லும் உத்தரவில், உங்கள் சர்வே எண் இருக்கிறதா, இருந்தால் எந்த உட்பிரிவு? வழக்கு முழுக்க இதில்தான் நிற்கிறது. அவார்டில் உங்கள் உட்பிரிவு இருக்கிறது, நிலத்தை அரசு தன் சுவாதீனத்திலும் (கைவசம்) எடுத்துவிட்டது என்றால், தாத்தா பெயரில் இன்றும் ஓடும் பட்டா உங்களைக் காப்பாற்றாது.

அரசு வரைபடம் துல்லியமானது என்று சாட்சியச் சட்டம் அனுமானிக்கும், சரி. ஆனால் அது மேடு, பள்ளம், ஓடை, பாதையைக் காட்டும். நிலம் யாருடையது என்று சொல்லாது. சர்வே எண்ணே அதில் கிடையாது.

அதை நம்பி வழக்குப் போட்டவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் வேறு. ஓரங்குலத் தாளில் ஒரு மில்லிமீட்டர் என்பது தரையில் 63 மீட்டர். பென்சில் கோட்டின் தடிமனுக்குள் உங்கள் வயலே அடங்கிவிடும். உயரக் கணக்கிலும் ஏமாறுகிறார்கள். வைகை அணை 71 அடி என்கிறோமே, அது அணையில் தேங்கும் நீரின் ஆழக் கணக்கு. வரைபடத்தில் இருப்பதோ கடல் மட்டத்திலிருந்து அடி. இரண்டையும் குழப்பி, 'என் நிலம் உயரத்தில்' என்று பிராதில் (வழக்கு மனுவில்) எழுதிக் கொடுத்துவிடுவார்கள். எதிர்த்தரப்புப் பொறியாளர் முழுக் கொள்ளளவு மட்டத்தைக் கடல் மட்டக் கணக்குக்கு மாற்றி, நீங்கள் தாக்கல் செய்த அதே தாளில் பொருத்திக் காட்டுவார். நிலம் அந்தக் கோட்டுக்குக் கீழே விழுந்தால், அரசுக்கான சாட்சியை நீங்களே கொடுத்தவர் ஆவீர்கள். மேலே இருந்தாலும் தப்பித்ததாக அர்த்தமில்லை. அணைக்கு நிலம் எடுக்கும்போது நீர்மட்டத்துக்கு மேலேயும் எடுப்பதுண்டு.

அவார்டில் உங்கள் உட்பிரிவு இருந்தால் வழக்கே வேண்டாம். வட்டாட்சியரிடம் அறுவடை வரை அவகாசம் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொண்டு நிலத்தை விடுங்கள். அதே ஆக்கிரமிப்புச் சட்டத்தின் 6-ஆம் பிரிவில் பயிரையும் பறிமுதல் செய்ய இடமிருக்கிறது. முரண்டு பிடித்தால் இந்தப் போக விளைச்சலும் போகும்.

எடுத்தது வேறு உட்பிரிவு என்றால் விஷயமே வேறு. அவார்டு நகல், எஃப்.எம்.பி. (சர்வே எண்ணின் எல்லை, அளவைக் காட்டும் புல வரைபடம்), அளவையர் அறிக்கை மூன்றோடு நோட்டீஸ் கெடுவுக்குள் விளக்கம் கொடுங்கள். ஓரங்குல வரைபடம் வீட்டிலேயே இருக்கட்டும்.