விசுவாசத்தில் மற்றவர்களுக்கு நல்ல மாதிரியாக வாழ்வது எப்படி?

சபையில் வாலிபர் கூட்டப் பொறுப்பை ஏற்றிருக்கிறீர்கள், சின்னவர்கள் உங்களைப் பார்த்தே கற்றுக்கொள்கிறார்கள், நடைமுறையில் என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். இளமையை ஒருவனும் அசட்டைபண்ணாதபடி விசுவாசிகளுக்கு மாதிரியாயிரு என்கிற 1 தீமோத்தேயு 4:12-ஐ ஏற்கெனவே பலர் உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். அதில் வார்த்தையும் நடக்கையும்தான் முதலில் நிற்கின்றன. நானும் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

எதை மறைப்பது, எதைத் திறந்து வைப்பது என்று முதலில் தெளிவாகிவிடுங்கள். மத்தேயு 5:16, உங்கள் நற்கிரியைகளை மனுஷர் காணட்டும் என்கிறது. 6:1, மனுஷர் காண வேண்டுமென்று தர்மம் செய்யாதே என்கிறது. இரண்டும் ஒன்றுக்கொன்று முரண் அல்ல. 6-ஆம் அதிகாரத்தில் இயேசு அந்தரங்கத்தில் வைக்கச் சொன்னவை தர்மம், ஜெபம், உபவாசம் என்ற மூன்றும். கொடுக்கல் வாங்கல், பேச்சு, கூலி எல்லாம் பிறரைத் தொடுகிற காரியங்கள். அவற்றை ஊர் பார்க்கத்தான் செய்ய வேண்டும். பல வாலிபர் குழுக்களில் இது தலைகீழாக நடக்கிறது: உபவாசம் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் இருக்கும், கேம்ப் கணக்கு யாரும் பார்க்காத நோட்டில் இருக்கும்.

பணத்தில்தான் சாட்சி அதிகம் கெடுகிறது, அதனால் அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். எருசலேமுக்குத் தர்மப்பணம் சேர்த்தபோது பவுல் தீத்துவோடு இன்னும் இரண்டு சகோதரரை அனுப்பினார். கர்த்தருக்கு முன்பாக மாத்திரமல்ல, மனுஷருக்கு முன்பாகவும் யோக்கியமாயிருக்க வேண்டும் என்று காரணமும் எழுதினார் (2 கொரிந்தியர் 8:16-22). அப்போஸ்தலனே தன்னை நம்பச் சொல்லிவிட்டு விடவில்லை.

ஆளுக்கு 300 ரூபாய் வீதம் 50 பேரிடம் கேம்ப்புக்கு வாங்கினால் 15,000. அதை உங்கள் சொந்த ஜிபேயில் வாங்காதீர்கள், சபையின் வங்கிக் கணக்கைக் கொடுங்கள். ரொக்கமாகத் தருபவருக்கு அங்கேயே ரசீது கிழித்துக் கொடுங்கள், அடிக்கட்டை உங்களிடம் இருக்கட்டும். எண்ணும்போது இரண்டு பேர் வேண்டும், ஒரே வீட்டார் கூடாது. 500 எத்தனை, 100 எத்தனை என்று பிரித்து எழுதி இருவரும் கையெழுத்துப் போடட்டும். கேம்ப் முடிந்த அடுத்த ஞாயிறே வரவு செலவு அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட வேண்டும்.

கடைசியில் 140 ரூபாய் இடித்தால் "குறைவு 140" என்றே எழுதுங்கள். நல்ல மனதுள்ளவர்கள் தவறுவது இந்த இடத்தில்தான்: சத்தமில்லாமல் கைக்காசைப் போட்டுச் சரிக்கட்டுவார்கள். எங்கே தவறியது என்பது அதோடு மறைந்துபோகும். அடுத்த முறை மிஞ்சினால், போன தடவை நான் போட்டதுதானே என்று எடுத்துக்கொள்ளவும் மனம் துணியும். பார்த்துக்கொண்டிருக்கிற தம்பிக்கோ, கணக்கை எப்படியாவது நேராக்கிவிடலாம் என்பதுதான் பாடமாகும்.

வேண்டுமென்றே எடுத்தது என்றால் வழி வேறு. லேவியராகமம் 6:5 முதலோடு ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டி, உரியவரிடமே கொடுக்கச் சொல்கிறது. 1,000 எடுத்தவர் 1,200 கொடுக்க வேண்டும். காணிக்கைப் பெட்டியில் போட்டுவிட்டால் போதும் என்று நினைப்பது தவறு, இழந்தவர் கைக்கு அது போய்ச் சேரவில்லை.

அறுப்பின் பண்டிகையில் காணிக்கைப் பொருட்களை ஏலம் விடும்போது உற்சாகத்தில் தொகையைக் கூட்டிக் கேட்டுவிட்டு, மாதக்கணக்கில் பாக்கி வைப்பவர்களையும் பிள்ளைகள் கவனிக்கிறார்கள். கட்ட முடிகிற தொகையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பேச்சில் பெரிய கண்ணி ஜெபக்குறிப்பு. "அந்த அக்கா வீட்டில் பிரச்சினை, ஜெபித்துக்கொள்ளுங்கள்" என்று தொடங்கினால் பத்து நிமிடத்தில் அது புறங்கூறுதல் ஆகிவிடும். சம்பந்தப்பட்டவரிடம் கேட்காமல் பிறர் காரியத்தைக் கூட்டத்தில் எடுக்காதீர்கள். சம்மதிக்காவிட்டால் பெயரையும் விவரத்தையும் விட்டுவிட்டு, "ஒரு குடும்பத்துக்காக" என்பதோடு நிறுத்துங்கள். யார் என்று எவராவது கேட்டால் பதில் சொல்லாமல் ஜெபத்தைத் தொடங்கிவிடலாம்.

தலைவர் தவறவே மாட்டார் என்று காட்டிக்கொண்டால், தவறின பிள்ளைக்குத் திரும்பி வரும் வழி தெரியாது. அதனால் மன்னிப்புக் கேட்கவும் காண்பியுங்கள். "தப்பாக நினைத்திருந்தால் மன்னியுங்கள்" என்பது பழியை எதிராளி மேல் போடுகிறது. "எல்லார் முன்னாலும் உன்னைச் சோம்பேறி என்று சொன்னேன், அது தவறு, மன்னித்துவிடு" என்று செய்ததையே சொல்லுங்கள். பத்துப் பேர் முன் திட்டியிருந்தால் அதே பத்துப் பேர் முன்பாகக் கேட்க வேண்டும். தனியாகத் திட்டியதற்குத் தனியாகக் கேட்டால் போதும்.

இன்னொன்று, கேம்ப்புக்குச் சமைக்க வந்தவருக்கும் பாத்திரம் கழுவ வந்த அக்காவுக்கும் கூலியை அன்றைக்கே கொடுத்துவிடுங்கள். பொழுது போகுமுன்னே என்று உபாகமம் 24:15 சொல்கிறது. வசூல் பாக்கி வரட்டும் என்று இழுத்தடிக்கவே கூடாது. கூலித் தொகையை முதல் நாளே எண்ணித் தனித்தனி உறையில் போட்டுப் பெயர் எழுதி வையுங்கள், செலவு எவ்வளவு இறுக்கினாலும் அந்த உறைகளைத் தொடாதீர்கள். கொடுக்கும்போது வாலிபர்களில் ஒருவர் கையால் கொடுக்கச் சொல்லுங்கள்.